மாமான்னா அங்க அம்மா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஆப்பிரிக்கக் குடும்பங்களப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். அம்மா ஒருத்தியே எல்லாத்தையும் சுமக்குறா, அப்பன்காரன் பொறுப்பில்லாம சுத்துறான், அது அவங்க கலாச்சாரம், இப்பதான் படிச்ச பசங்க கொஞ்சம் மாறுறாங்கன்னு எழுதியிருந்தீங்க. நான் கென்யா தலைநகர் நைரோபியில ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன், படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. நீளமா போச்சுன்னா கடைசியில வெட்டிக்குங்க, நடுவுல கை வைக்காதீங்க.

முதல்ல அந்த "கலாச்சாரம்"ங்கற வார்த்தை. எந்த ஆப்பிரிக்காவோட கலாச்சாரம்? மத்திய ஆப்பிரிக்கக் காட்டுல அகான்னு ஒரு வேட்டைக் கூட்டம் இருக்கு, பாரி ஹியூலெட்னு ஒரு மானிடவியல் ஆராய்ச்சியாளர் அவங்க கூடவே இருந்து கணக்கெடுத்தார், அங்க அப்பாமாருங்க நாள்ல 47 சதவீதம் நேரம் கைக்குழந்தைய தூக்கி வச்சிருக்காங்க, இல்லாட்டி கை எட்டுற தூரத்துல இருக்காங்க. நம்மள்ல எத்தன பேரு அப்படி? அதே கண்டத்துல கானாவுல அக்கான் மக்கள் கிட்ட போனா கதை வேற, அங்க குழந்தை அம்மா வழிக் குடும்பத்துக்குச் சொந்தம், சொத்து மாமன் கிட்டருந்து மருமகனுக்குப் போகும், அப்பா செத்தா அவர் சேர்த்தத அவரோட அம்மா வழி ஆளுங்க எடுத்துட்டுப் போக பொண்டாட்டி புள்ளைங்க வாசல்ல நின்ன கதை நிறைய. 1985ல ஒரு வாரிசுச் சட்டம் போட்டுதான் பொண்டாட்டிக்கும் புள்ளைங்களுக்கும் பங்கு உண்டுன்னு ஆச்சு. ஆக அப்பான்னா யாருங்கற கேள்விக்கே அங்க ஒரே பதில் கிடையாது.

கென்யாவுல பேசுற சுவாஹிலி மொழிய பேச ஆரம்பிச்ச புதுசுல எனக்கு ஒரு குழப்பம். அங்க மாமான்னா அம்மா! பாபான்னா அப்பா. அம்மாவோட அக்கா மாமா ம்குப்வா, தங்கச்சி மாமா ம்டோகோ, அதாவது பெரிய அம்மா, சின்ன அம்மா, அப்படியே நம்ம பெரியம்மா சின்னம்மாதான். அப்பாவோட தம்பி பாபா ம்டோகோ, சின்ன அப்பா. தாய்மாமனுக்குத் தனியா ம்ஜோம்பான்னு ஒரு பேர். இத கேட்டதுல இருந்து அந்த ஊரு எனக்கு அந்நியமாவே தெரியல. ஒரு குழந்தைக்கு நாலு அம்மா நாலு அப்பா இருந்த இடம் அது, பெத்தவ வயலுக்குப் போனா இன்னொருத்தி இடுப்புல ஏறிக்கும். இதையெல்லாம் விட்டுட்டு "தனியா சுமக்கும் தாய்"னு ஒரு போட்டோவ போட்டுட்டீங்க.

சரி, அப்ப அப்பாக்கள் எங்க போனாங்க? போகல சார், கூட்டிட்டுப் போனாங்க. 1886ல ஜோகன்னஸ்பர்க் பக்கம் தங்கம் கிடைச்சுது. அப்புறம் லெசோத்தோ, மொசாம்பிக், மலாவின்னு சுத்துப்பட்ட நாடுகள்ல இருந்து ஆம்பளைங்கள கான்ட்ராக்ட்ல சுரங்கத்துக்கு ஏத்துனாங்க, தங்குறதுக்கு ஆம்பளைங்க மட்டும் இருக்குற ஹாஸ்டல், பொண்டாட்டி புள்ளைய கூட்டிட்டு வர முடியாதபடி, நடமாடவே அனுமதிச் சீட்டு கேக்குற பாஸ் சட்டம். கென்யாவுல வெள்ளக்காரன் குடிசைக்கு வரி போட்டான், அத கட்ட காசு வேணும், காசுக்கு தோட்டத்துக்கோ நைரோபிக்கோ போகணும், நைரோபியில வேலைக்காரனுக்குக் குடுத்த இடமும் ஒண்டிக்கட்டைக்கு அளந்து குடுத்த இடம். மூணு தலைமுறை இப்படி ஓடுனா, அப்பான்னா மாசம் பணம் அனுப்புற ஆளுன்னு ஆகிடாதா? தென்னாப்பிரிக்காவுல இன்னிக்கும் மூணுல ஒரு பங்கு குழந்தைங்கதான் பெத்த ரெண்டு பேரோடயும் சேர்ந்து இருக்குதுங்க, நிறைய வீட்ட தாங்குறது பாட்டியோட பென்ஷன்தான். இதுக்கு நீங்க வச்ச பேரு கலாச்சாரம்.

இதுல சட்டமும் சேர்ந்து ஆம்பளைய வெளிய தள்ளுச்சு, அது கட்டுரையில வரவே இல்ல. கென்யாவுல 2001 குழந்தைகள் சட்டத்துல கல்யாணம் ஆகாம பொறந்த குழந்தையோட பொறுப்பு முதல்ல அம்மாவுக்குன்னே எழுதியிருந்துச்சு. 2010 அரசியல் சாசனம் வந்துதான் கல்யாணம் ஆனாலும் ஆகலன்னாலும் ரெண்டு பேருக்கும் சமப் பொறுப்புன்னு மாறுச்சு. இது ஒரு பக்கம் ஓடுறவன புடிக்கறதுக்கு, இன்னொரு பக்கம் புள்ளையோட நிக்கணும்னு நினைக்கறவனுக்கு உதவறதுக்கு. தென்னாப்பிரிக்காவுல கல்யாணம் ஆகாத ஒரு அப்பா தன் பேர்ல குழந்தைய பதிவு பண்ண கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்துச்சு, 2021லதான் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடைய தூக்குச்சு. அதே கோர்ட் 2025ல, அம்மாவுக்கு நாலு மாசம் அப்பாவுக்கு பத்து நாள்னு இருந்த பிரசவ லீவ ரெண்டு பேரும் பகிர்ந்துக்கலாம்னு சொல்லிடுச்சு. பொறுப்பில்லாதவன் இதுக்கா கோர்ட் படி ஏறுவான்?

ஓடிப்போன அப்பாவே இல்லன்னு நான் சொல்ல வரல, நிறைய பார்த்திருக்கேன். ஆனா இப்ப நடக்குற மாத்தத்துல எனக்கு ரொம்ப உறுத்துறது வேற ஒண்ணு. கென்யாவுலயும் உகாண்டாவுலயும் நிறைய அம்மாக்கள் வீட்டு வேலைக்கு சவுதி போறாங்க. குழந்தை பாட்டி கிட்ட. பணம் மாசாமாசம் போன்ல வந்து விழுது. தாத்தா காலத்துல சுரங்கத்துக்குப் போன ஆம்பளை செஞ்சதும் இதேதான? அவர ஊரு "பாவம், குடும்பத்துக்காக உழைக்கறான்"னு சொல்லுச்சு, இவள "புள்ளைய விட்டுட்டுப் போயிட்டா"ங்குது. எங்க தெருவுல ஒரு அம்மா நாலு வருஷம் கழிச்சு ரியாத்துல இருந்து வந்தா, பையன் பாட்டிய மாமான்னு கூப்பிடுறான், இவள ஆன்ட்டிங்கறான். அழுதா. அப்புறம் திரும்ப போயிட்டா, ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுறது. அவள அம்மாங்கறதா அப்பாங்கறதா, உங்க கட்டுரைய வச்சு சொல்லுங்க பார்ப்போம்.

எங்க ஆபீஸ் டிரைவருக்கு குழந்தை பொறந்துச்சு. கென்யா தொழிலாளர் சட்டத்துல 2007லயே அப்பாவுக்கு ரெண்டு வாரம் சம்பளத்தோட லீவு உண்டு, ஆனா அவன் கேட்டப்ப மேனேஜர் "பால் குடுக்கப் போறது நீயா?"ன்னு சிரிச்சார். சுத்தி இருந்தவங்களும் சிரிச்சாங்க, நானும்தான், இப்ப நினைச்சா கூச்சமா இருக்கு. அவன் பேப்பர நீட்டிட்டு கிளம்பிட்டான். ஊர்ல இருந்து வந்த அவங்கம்மா, மகன் குழந்தையோட துணி அலசுறத பார்த்துட்டு முதல் ரெண்டு நாள் புடுங்கிப் புடுங்கி தானே துவைச்சாங்களாம், மூணாவது நாள் ஸ்டூல போட்டு உக்காந்து "அந்த மூலையில கறை போகல பாரு"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்களாம். ரெண்டு வாரம் முடிஞ்சு வந்தான். நல்லா ரெஸ்ட் எடுத்தியாப்பான்னு மேனேஜர் வண்டிக் கதவ திறந்து கேட்டார், அவன் ஸ்டியரிங்ல தலைய வச்சு தூங்கிட்டிருந்தான்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர் ஒருத்தர்