அந்த நாலு வரிக்காகவா கோர்ட்டுக்குப் போனீர்கள்?

பிரான்ஸின் லுவார் மாவட்ட சபையினருக்கு,

வணக்கம். உங்கள் ஊரை நான் நேரில் பார்த்ததில்லை. ஃபொரே சமவெளி என்ற பெயரே பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமரின் கடைசிப் படமான 'ஆஸ்த்ரே, செலாதோன் காதல்' பார்த்துத்தான் தெரியும், அதுவும் 'இங்கே படமெடுக்க முடியவில்லை' என்ற புகாராக.

2007ல் வந்த படம், உங்கள் ஊர்க்காரர் ஒனோரே துர்ஃபே எழுதிய பழைய நாவலிலிருந்து எடுத்தது. தொடக்கத்திலேயே ஓர் அறிவிப்பு வரும். ஃபொரே நகரமயமாகிவிட்டது, சாலைகளை அகலப்படுத்திவிட்டார்கள், ஆறுகள் குறுகிவிட்டன, எங்கே பார்த்தாலும் ஊசியிலை மரங்களை நட்டுவிட்டார்கள், அதனால் கதையை வேறு இடத்தில் எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று. ஊரை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று அன்றைய உங்கள் சபை வழக்குப் போட்டது. தீர்ப்பு இருக்கட்டும், எனக்கு அந்தக் கோபம்தான் புரியவில்லை.

யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தில் எதுதான் நிஜம்? கதை நடப்பது 5ஆம் நூற்றாண்டு 'கால்' (Gaul) நாட்டில், அதாவது பழைய பிரான்ஸில், ஆனால் ஆடு மேய்ப்பவர்கள் போட்டிருப்பதோ 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் வருகிற உடை. 'நானாகக் கூப்பிடும்வரை என் கண்ணில் படாதே' என்று ஆஸ்த்ரே சொன்ன ஒரு சொல்லுக்காக லின்யோன் ஆற்றில் குதிக்கும் செலாதோனை வனதேவதைகள் கரையேற்றுகிறார்கள். கடைசியில் துருயித் (பழைய கெல்டிய மதம்) பூசாரியின் மகளாக வேடம் போட்டு அவள் பக்கத்திலேயே வந்து இருக்கிறான், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இதையெல்லாம் கூச்சமே இல்லாமல் அப்படியே எடுத்த 87 வயதுக்காரர், நிலம் ஒன்றில் மட்டும் பொய் சொல்ல மாட்டேன் என்றார். ஓவெர்ன் பக்கம் ஓர் ஆற்றைக் காட்டி இதுதான் லின்யோன் என்று சொல்லியிருந்தால் எங்களுக்குத் தெரியவா போகிறது? தமிழில் முல்லைப் பாட்டு படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். காடும் மேய்ச்சலும் மாலைப்பொழுதும் போய்விட்டால் அங்கே காத்திருப்பவளும் இல்லை. ஆறு குறுகிப்போனால் செலாதோன் எதில் குதிப்பான்?

சரி, உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, நீங்கள்தான் அதைச் சொல்லவில்லை. நாவலில் வரும் ஃபொரே எப்போது இருந்தது? ஒனோரே துர்ஃபே அங்கே வளர்ந்தவர்தான், ஆனால் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் மோதிய மதப் போரில் கத்தோலிக்க லீக் பக்கம் நின்று, தோற்று, அன்று தனி நாடாக இருந்த சவாய் பக்கம் போய் வாழ்ந்தவர். 1607ல் வெளிவரத் தொடங்கி ஐந்தாயிரம் பக்கங்களுக்கு மேல் நீண்டு, 1625ல் அவர் இறந்த பிறகு செயலாளர் பாரோ முடித்துவைத்த கதை அது. ஊரைப் பிரிந்தவனின் நினைவில் இருக்கிற ஊர் எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். அந்த நினைவை அளவுகோலாக வைத்து இன்றைய ஃபொரேயை ரோமர் அளந்தது கொஞ்சம் அநியாயம்தான். இதை ஒரு கட்டுரையாக எழுதியிருக்கலாமே, வக்கீல் எதற்கு?

அப்புறம், துர்ஃபே வளர்ந்த பாத்தி துர்ஃபே மாளிகை உங்கள் பொறுப்பில்தானே இருக்கிறது. அதன் சிற்றாலயத்து மரவேலைப்பாடு என்றோ விலைபோய் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது ரோமர் சொல்லியா போனது?

ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு கோடை இரவில் அந்த மாளிகை முற்றத்தில் திரை கட்டி இந்தப் படத்தைப் போடுங்கள், அந்த அறிவிப்பை வெட்டாமல். 109 நிமிடம்தான். விடிந்ததும் பார்த்தவர்களை லின்யோன் கரைக்குக் கூட்டிப் போங்கள், ரோமர் சொன்னது சரியா தப்பா என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தூரத்திலிருந்து ஒரு ரசிகன்