புகார்: கார்டினல் டெட்ராவுக்குப் பதில் நியான் டெட்ரா அனுப்பியது

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான மீன் இனம், பார்சலில் வந்த தவறான வழிமுறை அட்டை தொடர்பாக

ஐயா,

பார்சல் சொன்ன நேரத்துக்கு வந்தது. தெர்மோகோல் பெட்டி, ஆக்சிஜன் பை எதிலும் குறையில்லை. உள்ளே இருந்த மீன்தான் வேறு. பில்லில் கார்டினல் டெட்ரா 30 என்றிருக்கிறது. வந்த முப்பதும் நியான் டெட்ரா.

கேட்டதற்கு, "குட்டி மீன் சார், வளர வளர சிவப்பு நிறைஞ்சிடும்" என்று உங்கள் ஊழியர் பதில் அனுப்பினார். நிறையாது. கார்டினல் 2 செ.மீ. இருக்கும்போதே செவுளுக்குப் பின்னாலிருந்து வாலடி வரை சிவப்பு ஓடும். நியானுக்கு முன்வயிறு வெள்ளி நிறம், சிவப்பு பாதி உடம்பில்தான் ஆரம்பிக்கும். பக்கவாட்டில் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே பேரினம்தான், ஆனால் தனித்தனி இனங்கள். நியானுக்கு 1936-லும் கார்டினலுக்கு 1956-லும் அறிவியல் பெயர் வைத்தாயிற்று.

நிறம் மட்டும் பிரச்சினை என்றால் விட்டிருப்பேன். இந்த மீன்கள் போக வேண்டியது 29 டிகிரியில் இருக்கும், டிஸ்கஸ் என்ற வெந்நீர் மீன் வளர்க்கும் தொட்டிக்கு. ஆர்டர் குறிப்பிலேயே அதை எழுதியிருந்தேன். ரியோ நீக்ரோ, ஒரினோகோ பகுதிகளின் மீனான கார்டினல் அந்தச் சூட்டில் நன்றாக இருக்கும். நியானுக்கு 22 முதல் 25 டிகிரிதான் சரி. 29-லேயே வைத்திருந்தால் உடம்பு தேவைக்கு மேல் வேகமாக இயங்கும், சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு, சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

இரண்டு மீன்களுக்கு முதுகுத் துடுப்பின் கீழே சதை வெளிறியிருக்கிறது, ஒன்றுக்கு முதுகும் வளைந்திருக்கிறது. நியான் டெட்ரா நோய் என்ற ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். காலம்னாரிஸ் பாக்டீரியாவும் இப்படி வெளிறவைக்கும் என்பதால் அடித்துச் சொல்லவில்லை. முதலாவது என்றால் மருந்தே கிடையாது. எல்லாம் தனித் தொட்டியில்தான் இருக்கின்றன.

அடுத்து உங்கள் அட்டை. பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரை இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடச் சொல்கிறது. உள்ளூர்க் கடையில் வாங்கி அரை மணியில் வீடு வரும் மீனுக்கு இது சரி. இரவெல்லாம் லாரியில் வந்த பைக்கு ஆபத்து. மூடிய பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கியிருக்கும், அதனால் கழிவிலிருந்து வந்த அம்மோனியா பெரும்பாலும் நஞ்சில்லாத அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். ஏறத் தொடங்கும். 6.5-லிருந்து 8-க்குப் போனால் நச்சு அம்மோனியாவின் பங்கு சுமார் 30 மடங்கு. அந்தத் தண்ணீரில் இரண்டு மணி நேரமா? பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் வலையால் அள்ளித் தொட்டியில் விட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. தொட்டியின் உப்பளவும் பி.எச்.-ம் அனுப்பும் இடத்துத் தண்ணீரோடு ஒத்திருக்க வேண்டும். அந்த அளவுகளை அட்டையில் அச்சிடுங்கள், அதுதான் உபயோகம்.

கார்டினலுக்கு வாங்கிய முழுத் தொகையையும் கூரியர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். "அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறோம்" என்பதை ஏற்க மாட்டேன். நியான்களைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். நோய்க்குறி உள்ள மீன்களை இன்னொரு பயணத்துக்கு உட்படுத்தக் கூடாது. 7 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் பில், படங்கள், பெட்டியைப் பிரித்த வீடியோ ஆகியவற்றோடு நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், மீன்களின் படங்கள், வழிமுறை அட்டையின் படம்