பாதியில நிக்கிற வீட்டை அளந்து எழுதித் தரச் சொல்லி கோரிக்கை மனு

அனுப்புநர்: அரியூர் பக்கம் வீடு கட்டிக்கிட்டு இருக்கிற ஒரு ரிடையர்டு பஸ் கண்டக்டர்
பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், வேலூர்

மதிப்பிற்குரிய கலெக்டர் அவர்களுக்கு வணக்கம்.

ரிடையர்டு ஆகி வந்த பணத்துல 850 சதுர அடில ஒரு வீடு, மெட்டீரியலோட சதுர அடிக்கு 2,300ன்னு ஒரு கான்ட்ராக்டர்கிட்ட பேசி 20 ரூபா பத்திரத்துல அக்ரிமெண்ட் போட்டோம், மொத்தம் 19,55,000. கடக்கால் முடிஞ்சா இவ்ளோ, லிண்டல் வந்தா இவ்ளோ, ரூஃப் போட்டா இவ்ளோன்னு எல்லாம் அதுல எழுதியிருக்கு. ரூஃப் போட்டதும் அந்த கான்ட்ராக்டர் வந்து, ரேட் ஏறப்போவுது சார், பூச்சு வேலைக்கு எம்சாண்டும் சிமெண்டும் இப்பவே எடுத்து போட்டுடலாம்னு சொல்லி 3 லட்சம் கேட்டார், நானும் அவர் மச்சான் நம்பருக்கு பிரிச்சு பிரிச்சு ஜிபே பண்ணிட்டேன். ரசீது வாங்கல, அது என் தப்புதான், 30 வருஷம் சில்லறை எண்ணி எண்ணி குடுத்தவன் இந்த ஒரு தடவை ஏமாந்துட்டேன். அதையும் சேர்த்து இதுவரைக்கும் 14 லட்சம் போயிருக்கு.

அன்னைலேர்ந்து ஆள் வரல. தளத்துல பாத்தி கட்டி தண்ணி நிறுத்தினதுகூட ரெண்டு நாள்தான், நம்ம வேலூர் வெயிலுக்கு அது எங்க பத்தும், இப்ப மேல கோடு கோடா விரிசல். போன் பண்ணா "இன்னா சார் அவசரம், நாளிக்கு ஆள் அனுப்புறேன்"னு சொல்லிகினே நாலு மாசம் ஓட்டிட்டார். வக்கீல் நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன், வாங்காம திரும்பி வந்துடுச்சு. ஸ்டேஷன்ல போனா சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க, அதுவுமில்லாம அவரு வாலாஜா பக்கம், அது ராணிப்பேட்டை மாவட்டம்னு சொல்றாங்க. 2019ல மாவட்டத்தை மூணா பிரிச்சதுல எனக்கு வந்த பலன் இதுதான் போல.

வீடு கட்டி விக்கிறவங்களை கண்காணிக்கிற ஆணையம் ரெரால கேக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். விசாரிச்சா அது 500 சதுர மீட்டருக்கு மேல இல்லன்னா 8 வீட்டுக்கு மேல கட்டி விக்கிற ப்ராஜெக்ட்டுக்குதானாம், சொந்த மனைல கட்டுற நம்மள மாதிரி ஆளுக்கு இல்ல. கன்ஸ்யூமர் கோர்ட்டுதான் வழின்னு தெரிஞ்சுது. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல வீடு கட்டித் தர்றதையும் சேவைன்னுதான் சொல்லியிருக்கு, நாம குடுத்த பணம் 50 லட்சம் வரைக்கும் இருந்தா மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன்லயே கேக்கலாம், அவர் எந்த ஊர்ல இருந்தாலும் நான் குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம், என் தொகைக்கு ஃபீஸ் 400 ரூபாதான், பிரச்சினை நடந்த ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும். ஸ்டேஷன்ல யாராவது ஒருத்தர் இதை அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு நாலு மாசம் மிச்சம்.

கேஸ் நான் போட்டுக்கறேன், அதுக்கு உங்கள தொந்தரவு பண்ணல. என் சிக்கல் வேற. ஐப்பசி மழைக்குள்ள வேற மேஸ்திரிய விட்டு பூச்சு வேலைய முடிக்கலன்னா சுவரும் ஊறும், வெளிய நீட்டிகிட்டு இருக்கிற கம்பியும் துரு ஏறும், வாடகையும் குடுத்துக்கிட்டு லோனும் கட்டிக்கிட்டு இருக்கேன். ஆனா புது மேஸ்திரி கை வெச்சுட்டா, பழைய ஆள் எவ்ளோ செஞ்சார் எவ்ளோ விட்டார்னு எதை வெச்சு காட்டுறது? பூச்சு பூசிட்டா விரிசலே தெரியாதே. தனியார் இன்ஜினியர் ரிப்போர்ட் வாங்கினா, காசு குடுத்து எழுதி வாங்கினதுன்னு எதிர் வக்கீல் சொல்லுவார், கமிஷன் ஆள் அனுப்பி பாக்குற வரைக்கும் மழை காத்திருக்காது.

அதனால பிளாக் ஆபீஸ் இன்ஜினியரோ பி.டபிள்யூ.டி. இன்ஜினியரோ ஒருத்தரை அனுப்பி, முடிஞ்ச வேலைய அளந்து, விரிசலை போட்டோ எடுத்து, இன்னைய ரேட்டுக்கு எவ்ளோ மதிப்புன்னு கையெழுத்தோட எழுதித் தர உத்தரவு போடணும்னு கேட்டுக்கறேன். அரசாங்கத்துக்கு கட்ட வேண்டிய ஃபீஸ் என்னவோ கட்டிடறேன். ஸ்டேஷன்ல என் புகாருக்கு புகார் வாங்கிக்கிட்டதுக்கு குடுக்குற சி.எஸ்.ஆர். ரசீதாவது போட்டுத் தரச் சொல்லணும், வாங்கின பணத்துக்கு மெட்டீரியல் எடுத்தாரா இல்லையான்னு அவங்க ஒரு தடவை கூப்பிட்டு கேட்டாலே போதும்.

திங்கக்கிழமை குறைதீர்வு கூட்டத்துக்கு நேர்ல வர்றேன், இன்ஜினியர் எந்த நாள் வந்தாலும் சாவியோட நிப்பேன். அதுவரைக்கும் ஒரு செங்கல்லகூட நகத்த மாட்டேன்.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: அக்ரிமெண்ட் ஜெராக்ஸ், பேங்க் ஸ்டேட்மெண்ட், ஜிபே ஸ்கிரீன்ஷாட், திரும்பி வந்த தபால் கவர் (பிரிக்கல), தளத்தோட போட்டோ 11.