ரயில் பெட்டி வரைபடத்தை 1:100-ல் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் அவ்வப்போது ரயில் பெட்டி, லாரி போன்றவற்றை அட்டையில் வெட்டி ஒட்டும் படங்கள் வருகின்றன. நல்ல வேலைதான். ஆனால் எந்தப் படத்திலும் அளவு விகிதம் இருப்பதில்லை. பெட்டிக்கு ஒரு கணக்கு, சக்கரத்துக்கு ஒரு கணக்கு என்று வரைந்துவிடுகிறார்கள். அறிவியல் கண்காட்சிகளில் எஞ்சினைவிட உயரமான சரக்கு வேகன் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இனிமேல் வரும் படங்களை 1:100 என்ற விகிதத்தில் வரைந்து போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மாதிரி ரயிலில் உலகெங்கும் அதிகம் புழங்குவது 1:87, அதாவது ஹெச்ஓ (HO) என்று பெயரிட்ட அளவு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்கு அது சரியாகப் பொருந்தும். நம் அகலப் பாதையோ 1676 மி.மீ. அதை 87 ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. நம் பெட்டியை 1:87-ல் கட்டி கடையில் வாங்கிய தண்டவாளத்தில் வைத்தால், பெரிய உடம்பும் ஒடுங்கிய காலுமாகத் தெரிவது இதனால்தான். 1:100-ல் கட்டினால் 16.76 மி.மீ.; கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். தண்டவாளம், சக்கரம் எல்லாம் கடையில் கிடைக்கும் ஹெச்ஓ பொருளே போதும். கட்டட மாதிரி செய்பவர்கள் பலரும் 1:100-ல் வேலை செய்கிறார்கள் என்பதால் மனிதர், மரம், கார் எல்லாம் அதே அளவில் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கணக்கும் சுலபம்: நிஜத்தில் ஒரு மீட்டர், மாதிரியில் ஒரு சென்டிமீட்டர்.

முதலில் செய்து பார்க்க என்எம்ஜி வேகனைச் சொல்வோம். பயணிகள் ஓட்டத்திலிருந்து விலக்கிய பழைய ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டியில் இருக்கை, மின்விசிறி எல்லாவற்றையும் கழற்றி, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, இரு முனைகளிலும் கதவு வைத்து, கார் ஏற்றுவதற்காக மாற்றிய வேகன் அது. உடல் நீளம் 21,337 மி.மீ., அகலம் 3,245 மி.மீ. மாதிரியில் 213.4, 32.5. பெட்டிக்குக் கீழே இரண்டு போகிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 147.8 மி.மீ.; ஒரு போகியின் இரு அச்சுகளுக்கு இடையே 29 மி.மீ. (நம்மூரில் போகி என்றால் முழுப் பெட்டியையே சொல்வார்கள். இங்கே சொல்வது அடியில் உள்ள நான்கு சக்கர வண்டியை.)

அடைத்த ஜன்னலைக் காட்ட ஓட்டை போட வேண்டியதில்லை. சாதாரண எழுதும் தாள் 0.1 மி.மீ. தடிமன், 1:100-ல் அதுவே 10 மி.மீ. தகடு ஆகிவிடும். அதைச் சதுரமாக நறுக்கி ஒட்டினால் போதும். அட்டைத் துண்டை ஒட்டினால் ஜன்னல்மேல் பலகை அடித்த மாதிரி இருக்கும். கூரைக்குப் பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து வைப்பது பரவலான யோசனை. ஐசிஎஃப் கூரை சுத்தமான வட்டமல்ல, ஓரத்தில் அதிகம் வளைந்து நடுவில் தட்டையாகிறது. மென்மரத்தை இழைத்து, அட்டையில் வெட்டிய கூரை வடிவத்தை வைத்து வைத்துப் பார்த்து உப்புத்தாள் போடுவதே சரி. சுவருக்கு ஒரு மில்லிமீட்டர் பைண்டிங் அட்டை போதும், ஆனால் இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் இது. அட்டையின் இரு பக்கமும் ஒரே நாளில் வார்னிஷ் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஈரம் குடித்து வில்லாக வளையும்.

பெட்டி தடம் புரண்டால் தண்டவாளத்தைத் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு இருப்பது போகித் திருகில். ஒரு போகியின் திருகை முழுக்க முடுக்கி, கால் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். அது இடம் வலமாகத் திரும்பலாம், பெட்டி அதன்மேல் சாயக் கூடாது. மற்றதை எல்லாப் பக்கமும் ஆடும்படி தளர விட வேண்டும். மூன்று கால் முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்பதுபோல அப்போது எட்டுச் சக்கரமும் தண்டவாளத்தில் படியும். இரண்டையும் முடுக்கினால் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும், இரண்டையும் தளர்த்தினால் பெட்டி ஒரு பக்கம் சாயும்.

அடுத்தது எடை. ஹெச்ஓ தண்டவாளத்துக்கு அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் சொல்லும் கணக்கு: அடிப்படையாக 28 கிராம், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். நம் 213 மி.மீ. பெட்டிக்கு ஏறத்தாழ 145 கிராம். இதைவிட லேசாக இருந்து, பின்னால் கனமான பெட்டிகள் வந்தால், வளைவில் இது உட்பக்கமாக இழுபட்டுக் கவிழும். எடை தரைத்தளத்தோடு ஒட்டிக் கீழே இருக்க வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு இதற்கு மிகத் தோதானது. ஆனால் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் ஈயத்தை ஒட்டவே கூடாது. பசையில் இருந்து வரும் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். அந்தப் பொடி ஊதி, சில வருடங்களில் பெட்டியின் பக்கச் சுவரையே வெடிக்க வைக்கும். இரு குழம்பு எபாக்ஸிதான் சரி. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் ஈயமே வேண்டாம், டயர் கடையில் சக்கரத்துக்கு ஒட்டும் இரும்புப் பட்டையைக் கேட்டு வாங்கலாம்.

நீளமான பெட்டி வளைவில் எவ்வளவு பிதுங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். போகி இடைவெளியின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தை எட்டால் பெருக்கியதால் வகுத்தால், நடுப்பகுதி உள்ளே வரும் தூரம் கிடைக்கும். 438 மி.மீ. ஆரத்தில் இது 6.2 மி.மீ. பெட்டியின் முனை வெளியே போவது 6.8 மி.மீ. பிளாட்பாரத்தையும் சிக்னல் கம்பத்தையும் அதற்குத் தள்ளி நட வேண்டும். கனரக டிரான்ஸ்பார்மர் ஏற்றும், நடு தாழ்ந்த வெல் வேகன் கட்டுபவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மூன்று அச்சுள்ள போகியில் நடு அச்சுக்கு ஒரு மில்லிமீட்டராவது பக்கவாட்டு ஆட்டம் விட வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் அது தண்டவாளத்தின்மேல் ஏறிவிடும்.

சாலை வண்டி என்றால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் காற்றாலை இறக்கை ஏற்றி வரும் நீட்டிப்பு டிரெய்லர் இருக்கவே இருக்கிறது. 45 மீட்டர் இறக்கை 1:100-ல் 450 மி.மீ. டிரெய்லரின் நடுத்தண்டுக்கு 6 மி.மீ. சதுரப் பித்தளைக் குழாய். தகட்டின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் 5 மி.மீ. குழாய் அதற்குள் வழுக்கிப் போகும், நீட்டிச் சுருக்கலாம். வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள் வைத்திருக்கும் ரம்பக் கம்பி பித்தளையைச் சிதறாமல் அறுக்கும். இரும்பறுக்கும் பிளேடு பல் மாட்டிக் குழாயை நசுக்கிவிடும். இறக்கைக்குத் தெர்மாகோல் ஆகாது, சூப்பர் பசை பட்டதும் கரைந்து குழி விழும். விளம்பரப் பலகைக் கடையில் மிஞ்சும் 3 மி.மீ. சன்போர்டு (பிவிசி நுரைப் பலகை) துண்டுகளை அடுக்காக ஒட்டி இழைக்கலாம். இறக்கை அடியிலிருந்து நுனிக்கு மெல்ல முறுக்கிக்கொண்டு போகும். கொதிக்கும் நீரில் அரை நிமிடம் போட்டு, துணி சுற்றிய கையால் முறுக்கிப் பிடித்து ஆற விட்டால் அந்த முறுக்கு நிற்கும். இதைப் பெரியவர்கள் செய்து கொடுக்கட்டும். டயருக்கு ரப்பர் செருப்பின் அடியை 10 மி.மீ. துளையிடும் பஞ்ச் கருவியால் வெட்டி, 3 மி.மீ. தடிமனுக்குச் சீவலாம். சோப்புத் தண்ணீர் தொட்டு வெட்டினால் ஓரம் உட்குழியாமல் வரும்.

தண்டவாளத்துக்கு ஜல்லி என்று மணவாளக்குறிச்சிப் பக்கக் கடற்கரை மணலை அள்ளி வந்து போட வேண்டாம். அதில் உள்ள கறுப்புத் துகள் இல்மனைட். மாதிரி எஞ்சினுக்குள் இருக்கும் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும், பற்சக்கரம் அரைபடும். உப்பு வேறு தண்டவாளத்தில் படிந்து மின்சாரம் பாயாமல் செய்யும். அதே மணலில் லேசாகக் கதிர்வீச்சு உள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது. எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, பாலித்தீன் உறையில் போட்ட காந்தத்தை அதற்குள் விட்டுத் துழாவி, ஒட்டும் துகள்களை எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். நிஜ ஜல்லி 5 செ.மீ. என்றால் மாதிரியில் அரை மில்லிமீட்டர்தான்.

இந்தப் பெட்டியின் படம் உங்கள் பக்கத்தின் அகலத்திலேயே அடங்கிவிடும். இறக்கைக்கு முழுப் பக்கத்தையும் நெடுக்காகத் தர வேண்டியிருக்கும். அச்சுக்குப் போகும்போது படம் சற்றுச் சுருங்குவதும் விரிவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கீழே சரியாக 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றைப் படத்தோடு சேர்த்தே போடுங்கள். பிள்ளைகள் ஸ்கேலை வைத்து அளக்கட்டும். கோடு 97 மி.மீ. வந்தால் எல்லா அளவையும் 100/97 ஆல் பெருக்கிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மாதிரி ரயில் கட்டும் வாசகர்கள்,
ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி மாவட்டம்.