சாட்சி நேரம் நடத்தும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஐயர்மாருக்கும் பாஸ்டர்மாருக்கும் ஸ்தோத்திரம்.

ஆராதனையில் சாட்சி சொல்ல, அதாவது கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு முன் சொல்ல, யாரெல்லாம் எழுந்து வருகிறார்கள் என்று ஒரு வருடமாகக் கவனித்துவருகிறேன். விசா கிடைத்தவர், வீடு கட்டி முடித்தவர், மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தவர். அவர்களுக்காக நானும் மனதாரக் கைதட்டினேன். அது குறையே இல்லை.

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். படுத்த படுக்கையான மாமியாரை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். படுக்கைப்புண் வராமல் இருக்க, ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஞாயிறன்று பிந்தி வந்து கடைசி வரிசையில் உட்காருவார். “நீங்களும் ஒரு நாள் சாட்சி சொல்லுங்களேன்க்கா” என்றேன். “சொல்ற மாதிரி கர்த்தர் எனக்கு ஒண்ணும் செய்யலையே தம்பி” என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரை அப்படி நினைக்கவைத்தது நாம்தான்.

கர்த்தர் யோசேப்போடே இருந்தார், அவன் காரியசித்தியுள்ளவனானான் என்ற வசனத்தைப் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் பார்த்திருப்பீர்கள். அது வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 39-ஆம் அதிகாரத்தில் வருகிறது. எகிப்தின் ராஜாவான பார்வோனுக்கு அடுத்த இடம் அவனுக்குக் கிடைப்பதோ 41-ல். 39-ல் அவன் பார்வோனின் அதிகாரி போத்திபார் விலைக்கு வாங்கிய அடிமை. அந்த அதிகாரம் முடிவதற்குள் சிறைக்கும் போய்விடுகிறான். அங்கேயும் கர்த்தர் அவனோடே இருந்தார் என்றுதான் எழுதியிருக்கிறது. அடிமையாய் இருந்தபோதே வேதம் அவனைக் காரியசித்தியுள்ளவன் என்கிறது. நாமோ 41-ஐ மனதில் வைத்துக்கொண்டு 39-ஐ அச்சடிக்கிறோம்.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-ல் கண்மூடும்வரை பெரும்பாலும் ஒரே அறையில், வலியோடுதான் கிடந்தார். அந்த இருபது வருடத்தைத் தோல்விக் கணக்கில் எழுத உங்களில் யாருக்காவது மனம் வருமா? தன் கல்லறைக்குக் கல்கூட வேண்டாம் என்று சொன்னவர் அவர். இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி.

மாதத்தில் ஒரு ஞாயிறாவது, கேட்டது இன்னும் கிடைக்காதவர்களைச் சாட்சி சொல்லக் கூப்பிடுங்கள். அதற்கு முன் ஒரு சாயந்தரம் அந்த அக்கா வீட்டுக்குப் போங்கள். ஜெபித்த கையோடு எழுந்துவிடாதீர்கள். ஆறு மணிக்கு மாமியாருக்குக் கஞ்சி கொடுப்பார். அது முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அப்புறம் மைக்கை அவரிடம் கொடுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரன்