தடி எந்தக் கையில்?

ஆசிரியருக்கு,

முழங்கால் வலி வந்ததும் அப்பாவின் பழைய கைத்தடியை எடுத்து, வலிக்கிற காலின் பக்கமே ஊன்றி ஆறு மாதம் நடந்தேன், வலி குறையவில்லை, தோளும் சேர்ந்து வலித்ததுதான் மிச்சம். பிசியோதெரபிஸ்ட் பார்த்ததும் சிரித்துவிட்டார். வலிக்காத பக்கத்துக் கையில் பிடித்தால்தான் வலிக்கிற காலில் பாரம் குறையுமாம். உயரமும் தப்பு: கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும், ஊன்றும்போது முழங்கை 15 முதல் 20 டிகிரி மடங்கினால் சரி. அப்புறம் அடியிலிருக்கும் ரப்பர், அது தேய்ந்தால் வழுக்கும் (நான் ஒருநாளும் பார்த்ததில்லை). படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். மருந்துச் சீட்டு எழுதும்போதே யாராவது சொல்லியிருக்கலாமே! உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதைப் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்