எலித்தலை தைத்தவர்களுக்கும் பீரங்கியைத் தணித்தவருக்கும்

அன்புள்ள ஆசிரியைக்கும், கூட நின்ற அக்காமார், அண்ணாமார், அம்மம்மாமாருக்கும்,

சனிக்கிழமை ஸ்காபரோவில் கொட்டை உடைக்கும் பொம்மை எலிகளோடு சண்டையிட்டு இளவரசனாகும் கதையான நட்கிராக்கர் பாலே நடனம், எங்கள் பிள்ளைகள் ஆட, நல்லபடியாக நடந்தேறியது. அன்றிரவே ஒவ்வொருவராகத் தேடிவந்து நன்றி சொல்ல நினைத்தேன். மகன் தோளிலேயே நித்திரையாகிவிட்டான். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஒலியைக் கவனித்த அண்ணாவுக்கு. என் மகனுக்கு ஏழு வயது. திடீர்ச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான். போன நத்தாருக்கு இதே கதையைப் பெரிய அரங்கில் பார்க்கப் போய், எலிகளோடு சண்டை மூண்டு பீரங்கி வெடித்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். ஒத்திகையன்று இதைத் தயங்கித்தான் உங்களிடம் சொன்னேன். "அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றீர்கள். வெடிச்சத்தம் மேளத்தின் ஒற்றைத் தட்டாக மாறியது. மண்டப விளக்குகளையும் நீங்கள் முழுதாக அணைக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் இனிப்புத் தேவதை ஆட வந்தபோது சிறு பியானோ போன்ற செலஸ்டா வாத்தியம் ஒலித்தது. இந்தப் பாலேவுக்கு இசையமைத்த சைக்கோவ்ஸ்கி அந்த வாத்தியத்தை 1891இல் பாரிசில் கேட்டு மயங்கி, வேறு யாரும் முந்திவிடக்கூடாதென்று இரகசியமாக ரஷ்யாவுக்கு வரவழைத்தாராம். மணி மணியாக உதிரும் அந்த ஒலியில் என் மகன் இரண்டு கைகளையும் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்தான். அதைப் பார்த்த பிறகு மேடை எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது.

நீண்ட கதையை 50 நிமிடத்துக்குள் சுருக்கியும் ஒரு குழந்தையைக்கூட விட்டுவிடாத ஆசிரியைக்கு என் வணக்கம். 1892இல் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் இது முதன்முதல் மேடையேறியபோது, பிள்ளைகள் கூடிப்போனார்கள் என்று விமர்சகர்கள் குறைப்பட்டார்களாம். பிள்ளைகள்தான் இந்தக் கதையின் உயிர் என்பேன் நான். காட்சிகளுக்கு நடுவே தமிழில் கதை சொன்ன தங்கச்சி "பாக்குவெட்டி இளவரசன்" என்றதும் பின்வரிசைப் பெரியவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

என் மகள் எட்டு எலிகளில் ஒருத்தி. முதலில் தைத்த தலைகளில் கண்துளை உயரத்தில் அமைந்துவிட, பிள்ளைகள் ஒருவரோடொருவர் முட்டுப்பட்டார்கள். ஒரு அம்மம்மா எட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய், வாய்ப்பக்கத்தை வெட்டிக் கறுப்பு வலைத்துணி வைத்துத் தைத்துவந்தார். எலியின் வாய்வழியாகப் பார்த்துத்தான் அத்தனை பேரும் ஆடினார்கள். அம்மம்மா, உங்கள் விரலில் ஊசி குத்திய தடங்களை நான் கண்டேன்.

கடைசியாகப் பனி. பகல் காட்சியில் தூவிய வெள்ளைத் தாள்பனியைப் பெருக்கியெடுத்துத்தான் மாலையிலும் தூவ வேண்டியிருந்தது. கொண்டை ஊசியொன்று அதில் கலந்திருந்தாலும் ஆடும் பிள்ளையின் காலில் ஏறிவிடும். காந்தம் கொண்டுவந்து துழாவிய தகப்பன்மாருக்கும், காந்தத்தில் ஒட்டாததையும் விடக்கூடாதென்று வீட்டுச் சுளகை எடுத்துவந்து தாள்பனியைப் புடைத்த அக்காவுக்கும் நன்றி. தாள் முன்னே பறக்க, சுளகில் தங்கியவை இரண்டு பொத்தான்கள், ஒரு பாசிமணி, ஒரு தங்கத் தோட்டுச் சுரை.

சுரை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உரியவர் மற்றத் தோட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கோ. எலித்தலைகளும் பனிமூட்டையும் எங்கள் நிலவறையில் அடுத்த நத்தார்வரை ஈரம் படாமல் இருக்கும்.

அன்புடன்,
ஆறாவது எலியின் அம்மா